மெத்தை மாறினால் மேளமும் மாறும்

போன மார்கழியில் என் அக்கா மகன் இடது கையை அடக்கி வாசிக்கத் தொடங்கினான். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவன் போல் வாசித்தான். அதற்குக் காரணம் என் ஹெட்போனில் நான் மாற்றிப் போட்ட 18 வெள்ளி காதுமெத்தை என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். எனக்கே புரிய மூன்று வாரம் பிடித்தது.

முதலில் மெத்தைக் கதை. மூடிய வகை ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கறுப்புத் துகள் நன்றாகத் தெரிந்திருக்கும். காலையில் எம்ஆர்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தால், பக்கத்து மேசைக்காரர், "காதுல ஏதோ ஒட்டியிருக்கு" என்பார். தட்டினால் கருவேப்பிலை கருகியதுபோல் உதிரும். ஹெட்போனின் ஒலியில் ஒரு குறையும் இருக்காது. காதைச் சுற்றி உட்காரும் அந்த வளையம் மட்டும் உரிந்து தொங்கும்.

பெரும்பாலான மெத்தைகளின் மேலுறை உண்மையான தோல் இல்லை. துணியின்மேல் பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். அதோடு வியர்வையும் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் உரியும் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். ஈரத்துக்கு அலமாரிக் கதவு ஒரு பொருட்டே இல்லை.

என் ஹெட்போனும் அப்படி உரிந்தது. இணையத்தில் தேடினேன். வெல்வெட் போன்ற மென்துணி மெத்தை, வெலூர் என்பார்கள், என் மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது. உரியாது, வியர்க்காது, விலையும் குறைவு. வேறென்ன வேண்டும்? வாங்கி மாட்டினேன். கன்னத்தில் பூனை படுத்ததுபோல் சுகமாக இருந்தது. பாட்டைப் போட்டபோது முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதுபோல் தோன்றியது. பாடகரின் குரல் முன்னால் வந்து நின்றது. நல்ல வேலை செய்தோம் என்று மகிழ்ந்து பழைய மெத்தைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்தேன்.

குரல் முன்னால் வந்ததற்குக் காரணம் எளிது. பின்னால் இருந்த பேஸ் குறைந்துவிட்டது. காணாமல் போனதைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டேன்.

*

அக்கா மகனுக்கு 12 வயது. நான்கு ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறான். டிசம்பரில் அவனுடைய ஆசிரியர் இசை விழாவுக்காகச் சென்னைக்குப் போய்விடுவார். அந்த நாள்களில் மாணவர்கள் வாரம் ஒருமுறை வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். என்னிடம் ஒரு கையடக்கப் பதிவுக் கருவி இருப்பதால் அந்த வேலை மாமாவுக்கு வந்தது.

அக்கா வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் தொப்பி சோகையாக இருந்தது. நேரில் கேட்டபோது தரையே அதிர்ந்ததே, கருவி சரியாகப் பிடிக்கவில்லைபோலும் என்று நினைத்துக் கணினியில் கீழ்ஒலியை 6 டெசிபல் ஏற்றினேன். 6 டெசிபல் என்றால் ஒலியழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது ஹெட்போனில் நேரில் கேட்டது மாதிரியே இருந்தது. அனுப்பினேன். அடுத்த வாரமும் அதே கணக்கில் ஏற்றி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பையன் வாசித்துக்கொண்டிருந்தான். வலது கை ஓடுகிறது, இடது கை தொப்பியைத் தொட்டும் தொடாமலும் தடவுகிறது. கும்கி வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஏன்டா, இடது கைக்கு என்ன ஆச்சு? வலிக்குதா?"

"இல்ல மாமா. ரொம்ப கனமா இருக்குன்னு சார் சொன்னாரு. நான் குறைச்சுட்டேன்."

அக்காவின் கைப்பேசியில் ஆசிரியர் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். "தம்பி, இடது கை ரொம்ப அமுக்குது. வலந்தலைச் சொல்லு எல்லாம் உள்ளே போயிடுது. கொஞ்சம் அடக்கி வாசி." அடுத்த வாரப் பதிவுக்கு வந்த பதில், "இன்னும் குறைக்கணும்."

அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியில் நான் அனுப்பிய பதிவைப் போட்டுப் பார்த்தேன். தொப்பி குமுகுமுவென்று அறையை நிரப்பியது. வலந்தலை பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. ஆசிரியர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் கேட்டது பையனின் கையை அல்ல, என் கைவேலையை.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையை அவிழ்த்துப் பழைய மெத்தைகளை மாட்டினேன். நான் ஏற்றிய பதிவு காதில் இடித்தது. எதுவும் சேர்க்காத மூலப் பதிவைப் போட்டேன். தொப்பியும் வலந்தலையும் அதனதன் இடத்தில் இருந்தன. பையன் முதல் வாரத்திலிருந்தே சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

*

ஒரு வளையம் எப்படி இவ்வளவு மாற்றும்? குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய வகை ஹெட்போனில் உள்ள ஒலிவில்லையின் முன்பக்கம், மெத்தை, நம் தலை, காது எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அறை. 50 ஹெர்ட்ஸ் கீழ்ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அந்தச் சின்ன அறைக்குள் அலையாக ஓட அதற்கு இடமே இல்லை. ஒலிவில்லை முன்னும் பின்னும் போக, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் பேஸ் என்று கேட்கிறோம். குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் விசில் வராததுபோல், மெத்தை வழியே காற்று கசிந்தால் அழுத்தம் நிற்காது. ஒலி எவ்வளவு கீழ்நிலையோ அவ்வளவுக்கு இழப்பும் அதிகம். நடுவிலுள்ள குரல் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

தோலுறை காற்றை அடைத்து வைக்கும். வெலூர் துணி காற்றை விடும். அதனால்தான் அது வியர்க்காது, அதனால்தான் பேஸும் குறையும். சுகமும் இழப்பும் ஒரே காரணத்தால் வருகின்றன.

டிரெபிள் கதை வேறு. 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். ஹெட்போன் கிண்ணத்தின் அளவுக்கு அது ஏறக்குறைய சமம். இங்கே மெத்தையின் உயரமும் உள்சுவரும் பேசத் தொடங்கும். தோல் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும், துணிச் சுவர் கொஞ்சம் விழுங்கும். மெத்தை தடிமனானால் ஒலிவில்லை காதைவிட்டு விலகும், எந்தச் சுருதிகள் தூக்கலாகக் கேட்கும் என்பதும் இடம் மாறும். முன்பக்கம் மெலிந்து பின்பக்கம் பருத்த சாய்வு மெத்தைகள் ஒலிவில்லை காதைப் பார்க்கும் கோணத்தையே மாற்றிவிடும். நடுத்துளை சிறிதாகிக் காதுமடலை அழுத்தினாலும் ஒலி மாறும்.

அப்படியானால் வெலூர் மோசமா? இல்லை. பையர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ மூடிய வகைதான். அது வெலூர் மெத்தையோடும் விற்பனைக்கு வருகிறது, பேஸுக்கும் குறைவில்லை. அந்தத் துணி எவ்வளவு காற்றை விடும் என்பதைக் கணக்கில் வைத்தே ஒலிவில்லையையும் கிண்ணத்தையும் வடிவமைத்திருக்கிறார்கள். அதற்குத் தோல் மெத்தை மாட்டினால் அதுவும் வேறு ஹெட்போனாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் புழங்கும் சோனி எம்டிஆர்-7506 செயற்கைத் தோல் மெத்தையோடு வடிவமைக்கப்பட்டது. மெத்தை என்பது மேலே மாட்டும் தலையணையுறை இல்லை. ஒலியை உண்டாக்கும் கருவியில் அதுவும் ஓர் உறுப்பு.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது மிருதங்கமேதான். தொப்பியின் நடுவில் வாசிப்பதற்குமுன் ரவை பிசைந்து ஒட்டுவார்கள். அந்தச் சிறு உருண்டையின் எடை தோலின் அதிர்வைத் தாழ்த்தி, அடர்ந்த கீழ்ஒலியைத் தருகிறது. காய்ந்தால் உதிரும், வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலையில் உள்ள கரிய கரணையும் அப்படித்தான். வெறும் தோல் பறையில் மேலோசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கரணையின் பளு அவற்றை இசைவான வரிசைக்குக் கொண்டு வருகிறது என்று சர் சி.வி. ராமன் 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். ரவையைப் பார்த்து, "இது சும்மா ஒட்டியிருக்கும் மாவுதானே" என்று எந்த வித்துவானும் சொல்ல மாட்டார். நான் மட்டும் மெத்தையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டேன்.

*

பதிவு, கிதிவு ஒன்றும் செய்வதில்லை, பாட்டு மட்டும்தான் கேட்கிறேன், எனக்கென்ன என்று கேட்கலாம். உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

காற்றுக் கசிகிற மெத்தை உள்ளிருக்கும் பேஸை வெளியே விடுவதோடு நிற்காது. வெளிச் சத்தத்தையும் உள்ளே விடும். ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது கை தானாக ஒலியைக் கூட்டும். பேஸ் போதவில்லை என்று ஒருமுறை, ரயில் இரைகிறது என்று இன்னொரு முறை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம். தினமும் போக வர இரண்டு மணி நேரம் ரயிலில் கேட்பவருக்கு, ஐந்து நாளில் அந்த 10 மணி நேரம் முடிந்துவிடும். பிள்ளைகளின் ஹெட்போன் உரிந்து தொங்குகிறது என்றால் அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை.

சத்தம் அடக்கும் வசதி கொண்ட ஹெட்போன்களில் இன்னும் கவனம் வேண்டும். கிண்ணத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிவாங்கிகள் உள்ளே கேட்பதை அளந்து எதிர்ஒலி எழுப்புகின்றன. மெத்தை சரியாக அடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு ஓடுகிறது. பொருந்தாத மெத்தை போட்டால் பேஸ் மட்டுமில்லை, சத்தம் அடக்கும் திறனும் குறையலாம். அதேபோல் ஹெட்போன் மாடலைச் சொன்னால் ஒலியைச் சீர்செய்து தரும் செயலிகளும் பொதுவாக அசல் மெத்தையை வைத்து அளந்தவைதான். மெத்தை மாறினால் அந்தச் சீர்திருத்தம் பொருந்தாது.

*

பட்ட பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

தயாரிப்பாளரே மாற்று மெத்தை விற்கிறாரா என்று முதலில் பாருங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் ஒலி மாறக் கூடாது என்பவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அசலைப் போட்டாலும் முதல் நாள் ஒலி வேறாகத் தெரியலாம். நாம் பழகியிருப்பது நசுங்கித் தேய்ந்த மெத்தையின் ஒலிக்கு. உள்ளிருக்கும் நுரை ஆண்டுக்கணக்கில் அமுங்கி, ஒலிவில்லை காதுக்கு நெருங்கி வந்திருக்கும். புதியது அதை மீண்டும் பழைய தூரத்துக்குக் கொண்டுபோகிறது.

வேறு மெத்தைதான் வேண்டும் என்றால் பொருளை யோசித்து வாங்குங்கள். செயற்கைத் தோலும் ஆட்டுத்தோலும் நன்றாக அடைக்கும், ஆனால் வியர்க்கும். வெலூர் குளுமை, பேஸ் குறைய வாய்ப்பு உண்டு. துளையிட்ட தோலும், வெளிச்சுவர் தோலாகவும் கன்னத்தில் படும் பகுதி துணியாகவும் உள்ள கலப்பு வகையும் இரண்டுக்கும் இடைப்பட்டவை. வெளிவட்டம், உள்துளை, உயரம் மூன்றையும் அளவுகோலால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய மெத்தையைக் கழற்றும்போது உள்ளே மெல்லிய துணியோ நுரை வட்டமோ இருந்தால் தூசி என்று எறிந்துவிடாதீர்கள். டிரெபிளை அடக்க அதையும் வைத்திருப்பார்கள்.

மாட்டும்போது முதலில் ஒரு பக்கம் மட்டும் புதியதை மாட்டுங்கள். கைப்பேசியின் அமைப்பில் மோனோ ஒலியைத் தேர்ந்தெடுத்து, பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும், வித்தியாசம் மெத்தையுடையது. பிறகு ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணிந்து பாருங்கள். நம் இரண்டு காதும் ஒன்றுபோல் கேட்பதில்லை. நான் இந்தச் சோதனையை அன்றே செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகியிருக்கும்.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. பேஸ் நிறைந்த பாட்டு ஓடும்போது இரு உள்ளங்கையாலும் கிண்ணங்களை மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். சிறிது மாற்றம் எந்த ஹெட்போனிலும் இருக்கும். பேஸ் சட்டென்று ஏறினால் எங்கோ கசிகிறது. என்னைப்போல் மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி நிறுத்தும் இடைவெளியே போதும். பெரிய தோடும் ஜிமிக்கியும், காதோரம் வரும் தடித்த பின்னலும் அதே வேலையைச் செய்யும். மென்மையான நுரை உள்ள மெத்தை இவற்றைச் சுற்றிக் கொஞ்சம் நன்றாக அணையும்.

பயன்படுத்திய பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் ஹெட்போனுக்கும் அதில் ஓர் இடம் கொடுங்கள். உரிவதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

*

பையன் கதை பாக்கி இருக்கிறது.

அன்று இரவே ஆசிரியரைச் சென்னையில் அழைத்தேன். மூலப் பதிவுகளை அனுப்பிவிட்டு, "சார், தப்பு என்மேலதான். பேஸை ஏத்தினது நான். அவன் முதல்லேருந்து சரியாத்தான் வாசிச்சிருக்கான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கேட்டுக்கொண்டிருந்திருப்பார்போல. "ஆமாங்க, இது சரியாத்தான் இருக்கு. தம்பிகிட்ட நானே பேசறேன்" என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பையனிடம் நானும் சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். மூன்று முறை கேட்டான். வாசித்தது சரிதான் என்று தெரிந்த பிறகும் இடது கை உடனே திரும்பவில்லை. அடக்கப் பழகிய கை, தொப்பிக்கு அருகில் போய்த் தயங்கியது. ஆசிரியர் ஜனவரியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பிறகுதான் கும்கி மெல்ல மெல்ல வந்தது.

இப்போது அசல் மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். வியர்க்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். பதிவை எதுவும் சேர்க்காமல் அப்படியே அனுப்புகிறேன். அனுப்புவதற்குமுன் ஹெட்போனில் ஒருமுறை, தொலைக்காட்சியில் ஒருமுறை, கைப்பேசியில் ஒருமுறை கேட்கிறோம். மூன்றாவதாகப் பையன் தலையாட்டினால்தான் அனுப்பும் பொத்தானை அழுத்துவேன்.